முதலில் இறக்கை, பிறகு இன்ஜின்

கேள்வி:

எனக்கு 45 வயது. பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் தென்னைநார் மில் வைத்திருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே பறக்க வேண்டும் என்று ஆசை. பைலட் ஆகும் வசதி அப்போது வீட்டில் இல்லை. இப்போது முதுகில் இன்ஜினைக் கட்டிக்கொண்டு பாராசூட் மாதிரி ஒன்றில் பறக்கிறவர்களின் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து அந்த ஆசை திரும்பிவிட்டது. கோவையில் ஒருவர் தன்னுடைய பாராமோட்டாரை விற்கிறார். 185 சிசி இன்ஜின், இறக்கை, ஹார்னஸ் எல்லாம் சேர்த்து மூன்றரை லட்சம் ரூபாய் கேட்கிறார். இறக்கையின் லேபிளில் 75–95 கிலோ என்று போட்டிருக்கிறது. என் எடை 82 கிலோ, அதனால் சரியாக இருக்கும் என்கிறார். வீடியோ பார்த்து இரண்டு நாள் பழகினால் போதும், அவரே சொல்லித்தருவதாகவும் சொல்கிறார்.

என்னுடைய தோப்பிலிருந்து கிளம்பி ஆழியாறு அணை வரை போய்வர வேண்டும் என்பது கனவு. வலது முழங்கால் கொஞ்சம் தொந்தரவு தருகிறது. அதனால் சக்கரம் வைத்த அல்ட்ராலைட் விமானமே வாங்கிவிடலாமா என்றும் யோசிக்கிறேன். பிளஸ் டூ படிக்கும் என் பையனுக்கும் ஆர்வம். வீட்டில் மனைவிக்குப் பயம். இதற்கு லைசென்ஸ் வேண்டுமா? என் வயதில் இது நடக்கிற காரியமா? உண்மையைச் சொல்லுங்கள்.

— ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நடக்கிற காரியம்தான். 45 வயது ஒரு தடையே இல்லை. இருபது வயதுப் பையன்களைவிட நாற்பதைத் தாண்டியவர்கள் நல்ல மாணவர்களாக இருப்பதை நான் பயிற்சிக் களத்தில் பார்த்திருக்கிறேன். ‘இன்றைக்குக் காற்று சரியில்லை, நாளைக்குப் பார்க்கலாம்’ என்று சொன்னால் அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் இருக்கும் திட்டப்படி, அதாவது அந்த இறக்கையோடு, இரண்டு நாள் பழக்கத்தோடு, உங்கள் தோப்பிலிருந்து நீங்கள் கிளம்பக் கூடாது. காரணங்களை விவரமாகவே எழுதுகிறேன்.

பாராமோட்டார் என்றதும் எல்லோர் கண்ணும் இன்ஜின் மேல்தான் போகிறது. எத்தனை சிசி, எத்தனை குதிரைத்திறன் என்றுதான் விசாரிக்கிறார்கள். அந்த இன்ஜின் செய்வது ஒரே வேலை: உங்களை முன்னால் தள்ளுகிறது. உங்களைத் தூக்குவது, திருப்புவது, பத்திரமாக இறக்குவது எல்லாம் தலைக்கு மேல் இருக்கும் துணி இறக்கை. முன்விளிம்பில் இருக்கும் வாய்கள் வழியாகக் காற்று புகுந்து அறை அறையாக நிரம்பினால்தான் அந்தத் துணிக்கு இறக்கையின் வடிவமே வருகிறது. அது உப்பி நிற்கவும் பறக்கவும் இன்ஜின் தேவையில்லை. பாராகிளைடிங் பிறந்த கதையே அதுதான். 1978இல் பிரான்சின் மியூசி என்ற மலையூரில் சிலர், விமானத்திலிருந்து குதிப்பதற்கான சதுரப் பாராசூட்டை விரித்துக்கொண்டு மலைச்சரிவில் ஓடிக் கிளம்பினார்கள். இன்ஜின் அதற்குப் பிறகு வந்து சேர்ந்தது. கற்றுக்கொள்வதும் அந்த வரிசையில்தான் நடக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நேராக இன்ஜினோடு கற்றுத்தரும் பள்ளிகள் உலகில் உண்டு, அவற்றில் நல்ல பள்ளிகளும் உண்டு. ஆனால் அங்கேயும் முதல் பல நாட்கள் தரையில் இறக்கையை மட்டும்தான் கையில் கொடுப்பார்கள்.

அந்தத் தரைப்பயிற்சிக்கு ‘கிரவுண்ட் ஹேண்ட்லிங்’ என்று பெயர். இறக்கையைக் காற்றுக்கு எதிரே விரித்து, எழுப்பி, தலைக்கு மேல் நிறுத்தி, ஒரு பக்கம் சாய்ந்தால் அதன் அடியில் ஓடிப்போய் நின்று, பிரேக் கயிற்றால் சரிசெய்து, மறுபடி நிறுத்த வேண்டும். பார்ப்பவருக்குப் பட்டம் விடுகிற விளையாட்டு மாதிரிதான் இருக்கும். செய்கிறவருக்கு அரை மணியில் சட்டை நனைந்துவிடும். இங்கேதான் கை கற்றுக்கொள்கிறது: இறக்கையைப் பார்க்காமலே, கயிற்றின் இழுப்பிலிருந்தே அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதை. இது இரண்டு நாளில் வராது, வீடியோ பார்த்தும் வராது. இது கைக்கு வராதவர் 27 கிலோ இன்ஜினை முதுகில் மாட்டிக்கொண்டு ஓடினால், இறக்கை ஒரு பக்கமாகச் சாயும் அந்த நொடியில் ஆக்சிலரேட்டரை விடுவதா அழுத்துவதா என்று யோசித்துக்கொண்டே விழுவார்.

மேலே போன பிறகும் இன்ஜினும் இறக்கையும் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்யும் தருணங்கள் உண்டு. ஊஞ்சலில் உட்கார்ந்திருப்பவரைப் போல நீங்கள் இறக்கைக்கு ஆறேழு மீட்டர் கீழே தொங்குகிறீர்கள். முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் உங்கள் உடம்பு முன்னால் போகும், இறக்கை பின்தங்கும். அந்த நேரத்தில் பயந்துபோய் இரண்டு பிரேக்கையும் ஆழமாக இழுத்தால், ஏற்கெனவே நிமிர்ந்திருக்கும் இறக்கை காற்றைப் பிடிக்க முடியாமல் ‘ஸ்டால்’ ஆகிவிடும். சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் இறக்கை உங்களைத் தாண்டி முன்னால் பாயும். ப்ரொப்பல்லர் ஒரு திசையில் சுற்ற, உங்கள் உடம்பு எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கும். முழு இழுப்பில் அந்தப் பக்கத்துப் பிரேக்கையும் ஆழமாக இழுத்தால் ஹார்னஸை இறக்கையோடு இணைக்கும் ரைசர் பட்டைகள் முறுக்கிக்கொண்டு நீங்கள் பின்பக்கமாகத் திரும்பிவிடக்கூடும். இவற்றையெல்லாம் தவிர்ப்பது கடினமில்லை. ஆனால் வெறும் இறக்கையில் பறந்து, அதன் குணம் உடம்புக்குத் தெரிந்த பிறகுதான் அது சுலபம்.

இப்போது உங்களுக்கு விற்க வரும் இறக்கைக்கு வருவோம். இறக்கை லேபிளில் போட்டிருக்கும் 75–95 கிலோ என்பது உங்கள் உடல் எடை அல்ல. அது மொத்த எடை. கணக்குப் போடுங்கள்: நீங்கள் 82, இன்ஜினும் ஹார்னஸும் ஏறக்குறைய 27, எட்டு லிட்டர் பெட்ரோல் 6, ஹெல்மெட், பூட்ஸ், உடை, ரிசர்வ் பாராசூட் எல்லாம் சேர்ந்து 5, இறக்கையின் எடை 6. மொத்தம் 126 கிலோ. அந்த இறக்கையின் மேல் எல்லையைவிட 31 கிலோ அதிகம். அனுபவமுள்ளவர்கள் சில இறக்கைகளை வேண்டுமென்றே கூடுதல் எடையில் ஓட்டுவார்கள், அப்படி ஓட்டத் தயாரிப்பாளர்களே அனுமதிக்கும் மாடல்களும் இருக்கின்றன. புதிதாகக் கற்பவருக்கு அது கூடாது. 95 கிலோவுக்கான இறக்கையில் 126 கிலோ தொங்கினால் அது பறக்கும் வேகம், இறங்கும் வேகம் எல்லாமே சுமார் 15 சதவீதம் கூடும். திருப்பினால் வேகமாகத் திரும்பும், தவறைப் பொறுத்துக்கொள்ளும் நேரம் குறையும். தொந்தரவு செய்யும் முழங்காலோடு நீங்கள் ஓடி இறங்க வேண்டியதும் அந்தக் கூடுதல் வேகத்தில்தான். உங்களுக்கு வேண்டியது சுமார் 105 முதல் 130 கிலோ வரை தாங்கும், ‘ஈஎன் ஏ’ தரச்சான்று பெற்ற அல்லது அதற்கு இணையான தொடக்கநிலை இறக்கை.

எடை பொருந்தினாலும் பழைய இறக்கையைச் சோதனை செய்யாமல் வாங்காதீர்கள். இந்த நைலான் துணிக்கு முதல் எதிரி வெயில். நம் ஊர் வெயிலில் கிடந்த துணி பார்க்கப் பளபளவென்று இருக்கும், ஆனால் காற்று ஊடுருவத் தொடங்கியிருக்கும். அப்படிப்பட்ட இறக்கை எழும்பத் தாமதிக்கும், மெதுவாகப் பறக்கும்போது எச்சரிக்கையே இல்லாமல் ஸ்டால் ஆகும். துணி எவ்வளவு காற்றை விடுகிறது, எவ்வளவு இழுப்பில் கிழிகிறது, கயிறுகளின் நீளம் மாறியிருக்கிறதா, அறுபடும் வலு எவ்வளவு என்று அளக்கும் கருவிகள் நல்ல பயிற்சி மையங்களில் உண்டு. விற்கிறவர் அந்தச் சோதனைக்கு ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் புது செட் ஒன்று, வரியோடு சேர்த்து 10 லட்சம் ரூபாயைத் தாண்டிவிடும் என்பதால் பழையதைத் தேடுவதில் தவறில்லை. எதை வாங்க வேண்டும் என்று தெரியாத நிலையில் வாங்குவதுதான் தவறு. பயிற்சி முடித்த பிறகு அதே பொருளை நீங்களே கையால் தொட்டுப் பார்த்துக் குறை சொல்வீர்கள்.

இன்ஜினைப் பற்றி ஒன்று. இவை பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக். 10 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லி ஆயில் என்ற அளவில் கலப்பார்கள். தயாரிப்பாளர் சொல்லும் அளவே இறுதியானது. மணிக்கு நாலு லிட்டர்போல் குடிக்கும். இப்போது நம் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டரின் ரப்பர் டயஃப்ரத்தையும் எரிபொருள் குழாயையும் கெடுக்கும். மில்லில் மோட்டாரோடு புழங்கும் உங்களுக்கு இது புரியும்: ஒவ்வொரு பறப்புக்குப் பிறகும் டேங்கைக் காலி செய்யுங்கள், வாரக்கணக்கில் கலந்து வைத்த பெட்ரோலை ஊற்றாதீர்கள். இவ்வளவு கவனமாக இருந்தாலும் டூ ஸ்ட்ரோக் இன்ஜின் என்றாவது ஒருநாள் வானத்தில் நின்றுபோகும். அப்படித்தான் எண்ணிக்கொண்டு பறக்க வேண்டும்.

நின்றுபோனால் என்ன ஆகும் என்பதுதான் உங்கள் மனைவி கேட்கும் கேள்வியாக இருக்கும். அவரிடம் சொல்லுங்கள்: கல்லாக விழ மாட்டீர்கள். 300 மீட்டர் உயரத்தில் இன்ஜின் நின்றால், காற்று அமைதியாக இருக்கும்போது சுமார் 2 கிலோமீட்டர் தூரம் மிதந்து போகலாம். தரைக்கு வர மூன்று நிமிடத்துக்கும் சற்று மேல் ஆகும். அந்த 2 கிலோமீட்டருக்குள் ஒரு திறந்த மைதானம் இருந்தால் அது சாதாரண இறக்கம். இல்லாவிட்டால்தான் ஆபத்து. இந்த இடத்தில்தான் உங்கள் ஊரைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

பொள்ளாச்சியில் மேலிருந்து பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் தென்னை. அழகுதான், ஆனால் இறங்க இடமில்லை. இருபது மீட்டர் உயர மரத்தில் இறக்கை மாட்டினால் தொங்கிக்கொண்டு உதவிக்குக் காத்திருக்கலாம் என்றாவது நம்பிக்கை உண்டு. மட்டைகளுக்கு இடையில் இறக்கை சுருங்கி அங்கிருந்து விழுந்தால் அதுவும் இல்லை. தோப்புக்குத் தோப்பு பம்புசெட்டுக்குப் போகும் மின்கம்பி இருக்கிறது. காலை வெளிச்சத்தில் கம்பி மேலிருந்து தெரியாது, கம்பம்தான் தெரியும். இரண்டு கம்பத்தைப் பார்த்தால் நடுவில் கம்பி உண்டு என்று எண்ணி உயரத்தை வைத்துக்கொள்வதுதான் வழி. உடுமலைப் பக்கம் போனால் காற்றாலைகள். தெற்கே மலையடிவாரம் ஆனைமலை புலிகள் காப்பகம், அதற்கு மேல் இந்த இரைச்சலோடு பறக்க எண்ணவே கூடாது. சட்டத்தை விடுங்கள், யானையும் அதன் குட்டியும் தண்ணீர் குடிக்கும் இடத்தில் தலைக்கு மேல் டூ ஸ்ட்ரோக் இன்ஜின் அலறுவது நியாயமில்லை.

ஆழியாறு கனவைப் பற்றி: அணைக்கட்டைத் தூரத்திலிருந்து பார்த்துத் திரும்புங்கள். நீர்ப்பரப்புக்கு மேல் போகாதீர்கள். பாராமோட்டாரில் தண்ணீரில் விழுந்தவர்களைக் கொன்றது விழுந்த வேகம் அல்ல. முதுகில் இருக்கும் இன்ஜின் குப்புறத் தள்ளும், நனைந்த துணியும் நூறு கயிறும் கைகாலைச் சுற்றும், ஹார்னஸ் பக்கிளை அவிழ்ப்பதற்குள் மூச்சு முடிந்துவிடும். நீச்சல் வீரரும் தப்புவது கடினம். நீர்பட்டதும் தானே உப்பும் மிதவைகள் விற்கின்றன, கடற்கரையில் பறக்கிறவர்கள் கட்டாயம் மாட்டிக்கொள்ள வேண்டும். மிதவை இருக்கிறதென்று தண்ணீருக்கு மேல் போகக் கூடாது.

அடுத்தது காற்று. தொடக்கநிலை இறக்கை ஒன்று மணிக்கு 38 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். எதிர்க்காற்று 30 இருந்தால் தரைக்கு மேல் நீங்கள் நகர்வது 8 கிலோமீட்டர்தான், நடந்து போகும் ஆளைவிடக் கொஞ்சம் வேகம். எதிர்க்காற்று 40 ஆனால் பின்னால் போவீர்கள். நீங்கள் இருப்பது பாலக்காட்டுக் கணவாயின் வாயில். மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமான அந்த இடைவெளி வழியாக ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று நெருக்கியடித்துக்கொண்டு வருகிறது. காற்றாலைக்காரர்கள் அங்கே இடம் வாங்கியது அதற்காகத்தான். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்னவர்கள் உங்கள் பக்கத்துக்காரர்களாக இருந்திருக்க வேண்டும். அந்த நான்கு மாதமும் இறக்கையை மடித்து நிழலில் வையுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் பத்து மணிக்கு மேல் தரை சூடேறி வெப்பக்காற்று எழும்பும். மலையில் இன்ஜின் இல்லாமல் பறக்கிறவர்கள் அதைத்தான் தேடுவார்கள், ஏனென்றால் அவர்களை உயரே தூக்குவது அதுதான். தாழ்வாகப் பறக்கும் பாராமோட்டார்காரருக்கு அது எதிரி. ஐப்பசி, கார்த்திகையில் இடிமேகம். 2007இல் ஆஸ்திரேலியாவின் மனில்லாவில் பயிற்சிப் பறப்பில் இருந்த ஈவா விஷ்னியர்ஸ்கா என்ற வீராங்கனையை இடிமேகம் உறிஞ்சி, 9,900 மீட்டருக்கும் மேலே கொண்டுபோனது. நினைவிழந்து, உடலெல்லாம் பனி படிந்து, உயிரோடு இறங்கினார். அதே மேகத்தில் சிக்கிய சீன வீரர் இறந்துபோனார். உலகத் தரத்தில் பறந்தவர்களுக்கு நேர்ந்தது இது.

மீதி இருப்பது டிசம்பரிலிருந்து மார்ச் வரை, சூரியன் உதித்து முதல் இரண்டு மணி நேரமும் மறைவதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரமும். கொஞ்சம்தான். ஆனால் அந்த நேரம் கிடைக்கும்போது, பனி இன்னும் வயலில் படுத்திருக்க, உங்கள் பூட்ஸுக்குக் கீழே 100 மீட்டரில் கொக்குகள் போவதைப் பார்க்கும்போது, நீங்கள் இத்தனை வருஷம் ஆசைப்பட்டதில் தவறே இல்லை என்று தெரியும். 2016இல் சாஷா டென்ச் என்ற பெண்மணி ரஷ்யாவின் ஆர்க்டிக் பகுதியிலிருந்து இங்கிலாந்து வரை ஏறக்குறைய 7,000 கிலோமீட்டர், வலசை போகும் அன்னங்களின் பாதையில் பாராமோட்டாரில் பறந்தார். மனிதன் செய்துகொண்ட வாகனங்களில் பறவைக்கு இவ்வளவு பக்கத்தில் போவது வேறெதுவும் இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

ஆபத்தைப் பற்றி மறைக்காமல் சொல்லச் சொன்னீர்கள். 2012இல் 39 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்து உயிரோடு தரையிறங்கிய ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர், 2025 ஜூலையில் இத்தாலியில் பாராமோட்டார் விபத்தில் இறந்தார். திறமை ஒருவரைக் காப்பாற்றிவிடும் என்று எண்ண வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். ஆனால் பல காயங்கள் வானத்தில் நடப்பதில்லை. தரையில், இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது நடக்கின்றன. ஆக்சிலரேட்டர் எங்கோ சிக்கியிருக்கும், கயிற்றை இழுத்ததும் இன்ஜின் முழு வேகத்தில் உறுமும், 50 கிலோவுக்கு மேல் தள்ளும் விசை ப்ரொப்பல்லரை உங்கள் மேல் சாய்க்கும், தடுக்க நீளும் கையில் விரல் போகும். சுற்றியிருக்கும் கூண்டு வலை கயிறுகள் உள்ளே போகாமல் இருக்கத்தான், கையைத் தடுக்கும் வலு அதற்கு இல்லை. ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் இன்ஜின் முழு வேகத்தில் கிளம்பும் என்று எண்ணி, ஃப்ரேமைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பின்னாலும் பக்கத்திலும் ஆளில்லை என்று பார்த்துவிட்டுத்தான் இழுக்க வேண்டும். பையன் வீடியோ எடுக்கப் பின்னால் நிற்கிறானா என்று பாருங்கள். கிளம்பும் முன் இரண்டு தொடைப் பட்டையையும் கையால் தொட்டுப் பாருங்கள். அதை மாட்ட மறந்து கிளம்பியவர்கள் உண்டு, அதில் எல்லோரும் திரும்பவில்லை. வானத்தில் நடக்கும் பெரிய விபத்துகளின் பின்னால் பெரும்பாலும் தாழ்வாகச் சுழலும் ஆசைதான் இருக்கிறது, நண்பர்கள் தரையில் நின்று பார்க்கும் நாட்களில் அது கூடுதலாக வரும்.

சட்டம். நீங்கள் பார்க்கும் அமெரிக்க வீடியோக்களில் லைசென்ஸ் இல்லாமல் பறப்பதற்குக் காரணம், 1982இல் அங்கே வந்த ஒரு விதி. ஒற்றை இருக்கை, 115 கிலோவுக்குக் குறைந்த வெற்று எடை என்ற வரம்புக்குள் இருந்தால் பகலில், ஊர் நெருக்கம் இல்லாத இடத்தில், பொழுதுபோக்குக்காகப் பறக்க அங்கே லைசென்ஸ் கேட்பதில்லை. பிரான்சில் அப்படியில்லை, பாராமோட்டாருக்கும் அங்கே பைலட் சான்று வேண்டும். இந்தியாவில் அமெரிக்க விதி செல்லாது. இங்கே வான்வெளிக்குப் பொறுப்பு சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ. 2022 ஜூனில் ஒன்றிய அரசு வெளியிட்ட தேசிய வான் விளையாட்டுக் கொள்கை, பாராமோட்டாரையும் மைக்ரோலைட்டையும் உள்ளடக்கிய 11 விளையாட்டுகளைப் பட்டியலிட்டு, ஆளும் கருவியும் அந்தந்த விளையாட்டுச் சங்கத்தில் பதிவாக வேண்டும் என்கிறது. உங்கள் தோப்பு உங்களுக்குச் சொந்தம், அதற்கு மேலிருக்கும் வான்வெளி அல்ல. கோவையில் விமான நிலையமும் சூலூரில் விமானப்படைத் தளமும் இருக்கின்றன. டெல்லியில் குடியரசு தினம், சுதந்திர தினத்தை ஒட்டிப் பாராகிளைடர், பாராமோட்டார், மைக்ரோலைட் எல்லாவற்றையும் பெயர் சொல்லித் தடைசெய்து போலீஸ் உத்தரவு போடுவது வழக்கம். பாதுகாப்புத் துறைகள் இதை விளையாட்டுச் சாமானாகப் பார்ப்பதில்லை. ட்ரோன்களுக்கான வரைபடத்தில் உங்கள் ஊர் பச்சையாக இருப்பதைக் காட்டி யாராவது ‘அனுமதி தேவையில்லை’ என்றால் நம்பாதீர்கள், அந்த வரைபடம் ட்ரோனுக்கு மட்டும்தான். டிஜிசிஏவுக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் எழுதி, எழுத்தில் பதில் வாங்குங்கள். கருவி வாங்குவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். விபத்துக் காப்பீட்டுப் பத்திரத்தையும் எடுத்துப் படியுங்கள். பயணியாக அல்லாமல் வேறு விதமாகப் பறக்கையில் நேரும் விபத்துக்குப் பணம் இல்லை என்ற நிபந்தனை பல பாலிசிகளில் உண்டு.

முழங்காலும் அல்ட்ராலைட்டும் கடைசிக் கேள்வி. அல்ட்ராலைட், மைக்ரோலைட் என்று நம் நாட்டில் சொல்வது இரண்டு இருக்கைக்கு மிகாத, சுமார் 450 கிலோவுக்குள் அடங்கும் சிறு விமானங்களை. சிலவற்றுக்குச் சாதாரண விமானம் போல் கெட்டியான இறக்கை இருக்கும். சிலவற்றில் மேலே ஹேங்கிளைடர் இறக்கை, கீழே மூன்று சக்கர வண்டி, 65 முதல் 100 குதிரைத்திறன் வரை ரோட்டாக்ஸ் இன்ஜின். இவற்றில் எனக்குப் பிடித்த முக்கியமான விஷயம், முதல் நாளிலிருந்தே ஆசிரியர் உங்களோடு உட்கார்ந்திருப்பார். பாராமோட்டாரில் முதல் தனிப் பறப்பில் உங்களோடு வருவது காதில் கேட்கும் ரேடியோ குரல் மட்டும்தான். கால் மேல் எடை விழாது, ஓட வேண்டியதில்லை. ஆனால் விமானத்தைப் பதிவு செய்ய வேண்டும், பறக்கத் தகுதியானது என்ற சான்று வேண்டும், உங்களுக்கு மருத்துவச் சான்றும் லைசென்ஸும் வேண்டும், ஓடுதளம் வேண்டும், நிறுத்தக் கூரை வேண்டும். ஒரு தனி ஆள் பொள்ளாச்சியில் ஒன்றை வாங்கி வைப்பது நடைமுறையில் பெரிய சுமை. ஆசை அந்தப் பக்கம் இருந்தால் வாங்காதீர்கள், பறப்புப் பள்ளியில் மணிக்கணக்கில் பணம் கட்டிப் பறந்து பாருங்கள். பெங்களூரு ஜக்கூர் வானூர்தித் தளம் மைக்ரோலைட்டுகளுக்குப் பழக்கமான இடம். பாராமோட்டாரிலேயே சக்கர வண்டி பொருத்தியதும் கிடைக்கிறது, முழங்காலுக்கு நல்லது. அதற்குச் சமமான தரை வேண்டும், பக்கக்காற்றில் பக்கவாட்டில் கவிழும், இறக்கையைப் பழகும் வேலையை அது குறைக்காது.

ஆகவே உங்களுக்கு என் யோசனை இது. முதலில் வாகமண்ணிலோ ஹிமாச்சலின் பீர் பில்லிங்கிலோ ஆசிரியரோடு ஒரு டேண்டம் பறப்பு பறந்து பாருங்கள். பில்லிங்கில் 2,400 மீட்டரில் கிளம்பி 1,400 மீட்டரில் இருக்கும் பீரில் இறங்குவீர்கள். மழைக்காலத்தில், ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை, அங்கே தடை. அது பயிற்சி ஆகாது, ஆனால் உயரம் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று தெரியும். உங்கள் மனைவியையும் கூட்டிப்போங்கள், தூரத்திலிருந்து கேட்டுப் பயப்படுவதைவிடப் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. பிறகு ஒரு எலும்பு மருத்துவரிடம் முழங்காலைக் காட்டி, முப்பது கிலோ சுமையோடு ஓடலாமா என்று நேராகக் கேளுங்கள். அவர் சரி என்றால், புனே பக்கத்துக் காம்ஷேத் போன்ற இடத்தில் அக்டோபருக்குப் பிறகு இன்ஜின் இல்லாத பாராகிளைடிங் பயிற்சியை, தொடக்க வகுப்போடு நிறுத்தாமல், ஆசிரியர் துணையின்றித் தனியாகப் பறக்கும் நிலை வரை முடியுங்கள். ஆசிரியரின் தகுதிச் சான்றையும் ரிசர்வ் பாராசூட் கடைசியாக எப்போது மடிக்கப்பட்டது என்பதையும் கேட்க வெட்கப்படாதீர்கள். நல்ல ஆசிரியர் அந்தக் கேள்விக்கு மகிழ்வார். பையனுக்கு, தேர்வு முடிந்ததும், உங்கள் சம்மதக் கடிதத்தோடு அதே வகுப்பில் இடம் கேளுங்கள். இருவரும் சேர்ந்து கற்றால் ஒருவர் இறக்கையை மற்றவர் சோதிக்கலாம். அதற்கடுத்த குளிர்காலத்தில் இன்ஜின் பயிற்சி. அதன் பிறகு வாங்குவது.

கோவை நண்பரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முன்பணம் கொடுத்திருந்தால் திரும்பக் கேளுங்கள். அந்த மூன்றரை லட்சத்தில் உங்கள் இருவருடைய பயிற்சிக்கும் போக மீதி இருக்கும்.